சீசன் காசு பன்னிரண்டு மாதமும் வர: கொடைக்கானலில் எட்டு அறை காட்டேஜ் நடத்தும் கணக்கு

கொடைக்கானலில் சின்ன காட்டேஜ்கள் அடிக்கடி கை மாறுகின்றன. புதிதாக லீஸுக்கு எடுப்பவர் ஏப்ரலில் போர்டு மாட்டுகிறார், மே மாதம் அறை கிடைக்காமல் ஆட்கள் திரும்பிப் போவதைப் பார்க்கிறார், ஜூனில் வண்டி வாங்குகிறார் அல்லது இன்னொரு கட்டடத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கிறார். ஆகஸ்டில் சம்பளத்துக்குக் கைமாற்று வாங்குகிறார். அடுத்த மார்ச்சில் லீஸ் தவணை கட்ட முடியாமல் சாவியைத் திருப்பிக் கொடுக்கிறார். வியாபாரம் கெட்டுப்போனதால் இப்படி ஆவதில்லை. மே மாத வசூல் ஆகஸ்ட் மாதச் சம்பளமும்தான் என்பதைக் கணக்கில் எழுதாமல் விட்டதால் ஆகிறது.

நாயுடுபுரம், பாம்பார்புரம், அட்டுவம்பட்டி, வில்பட்டி, பெருமாள்மலை பக்கம் எட்டு அறை, ஒரு சின்ன சமையலறை, நாலு ஆட்கள் என்று நடத்துபவர்களை மனதில் வைத்து எழுதியது இது. ஊட்டி, குன்னூர் பக்கம் இருப்பவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். மழை மாதங்கள்தான் கொஞ்சம் மாறும்.

வருஷக் கணக்கை முதலில் போடுங்கள்

ஒரு முழுக்கணக்கைப் பார்ப்போம். தொகைகள் எடுத்துக்காட்டுக்குத்தான், உங்கள் எண்களைப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஆள் வந்தாலும் வராவிட்டாலும் மாதாமாதம் போகும் செலவு: லீஸ் வருஷத்துக்கு 9 லட்சம் என்றால் மாதத்துக்கு 75,000. மேனேஜர், சமையல்காரர், இரண்டு ரூம் பாய் சம்பளம் சேர்த்து 64,000. கரண்ட் நிலைக்கட்டணம், இன்டர்நெட், கேபிள், போன் 9,000. பராமரிப்புக்கு எடுத்து வைப்பது 15,000. லைசென்ஸ், இன்சூரன்ஸ், ஆடிட்டர் 5,000. கடன் வட்டி 12,000. கூட்டினால் 1,80,000. இதோடு உங்கள் சம்பளம் 30,000 சேருங்கள். இந்த வரியைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சம்பளம் எழுதாத முதலாளி கல்லாவிலிருந்து எடுக்கும் பணத்துக்குக் கணக்கே இருக்காது. ஆக மாதம் 2,10,000; வருஷத்துக்கு 25,20,000.

அறையில் ஆள் தங்கினால் மட்டும் வரும் செலவு, ஒரு அறைக்கு ஓர் இரவுக்கு: சலவை 120, சோப்பு வகை 30, வெந்நீரும் விளக்கும் சேர்த்துக் கரண்ட் 50, குடிநீரும் காலை டீயும் 40, துடைக்கும் மருந்துகள், துணித் தேய்மானம் 60. மொத்தம் 300.

இனி வரவு. 365 இரவுகளை மூன்றாகப் பிரியுங்கள். ஏப்ரல் நடுவிலிருந்து மே கடைசி வரை, ஆயுத பூஜை விடுமுறை, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை, பொங்கல்: இவை எல்லாம் சேர்ந்து சுமார் 70 இரவுகள். இந்த நாட்களில் எட்டில் ஏழு அறை ஓடும். சராசரி வாடகை 3,200 என்றால் 490 அறைக்கு (70 இரவு, இரவுக்கு 7 அறை) 15,68,000. மற்ற வாரங்களின் வெள்ளி, சனி 90 இரவுகள். ஐந்து அறை, 2,200 வீதம் 450 அறைக்கு 9,90,000. மிச்சம் 205 இரவுகள் வெறும் வாரநாட்கள். சராசரி ஒன்றரை அறைதான் ஓடும். 1,400 வீதம் 307 அறைக்கு 4,29,800. ஆக ஜிஎஸ்டி நீங்கலாக 29,87,800.

இதில் பாதி புக்கிங் ஆப் வழியாக வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கமிஷன் 20 சதவீதம், அந்தக் கமிஷன்மேல் 18 சதவீத ஜிஎஸ்டி, ஆக 23.6 சதவீதம். அது 3,52,560. அறைச் செலவு 1,247 இரவுக்கு 300 வீதம் 3,74,100. இரண்டையும் கழித்தால் நிற்பது 22,61,140. நிலைச்செலவோ 25,20,000. வருஷத்துக்கு 2,58,860 ரூபாய் துண்டு விழுகிறது. மே மாதம் முழுக்க 'ஹவுஸ்ஃபுல்' போர்டு தொங்கிய அதே காட்டேஜில்தான் இப்படி. முதலாளி தன் சம்பளமாக 3,60,000 எடுத்திருக்க வேண்டும். உண்மையில் அவருக்குத் தேறியது வருஷம் முழுவதற்கும் 1,01,140.

அந்த 70 இரவுகள்தான் வருஷ வரவில் பாதிக்கு மேல் தருகின்றன என்பதைக் கவனியுங்கள். அவற்றில் மூன்று நாள் மண்சரிவால் ரோடு அடைபட்டால்கூட 67,000 ரூபாய் போய்விடும்.

துண்டை எங்கே அடைப்பது? சீசன் வாடகையை இன்னும் ஏற்றலாம் என்றுதான் முதலில் தோன்றும். அதற்கு எல்லை உண்டு. 3,200 ரூபாய் அறைக்கு 5,000 வாங்கினால் ஒரு மே மாதம் ஓடும். அந்தக் கோபம் விமர்சனமாக வந்து நிற்கப்போவது அடுத்த பதினோரு மாதங்களில். வேறு இரண்டு இடங்கள் இருக்கின்றன. ஒன்று, நேரடி புக்கிங். அதைப் பாதியிலிருந்து முக்காலாக உயர்த்தினால் கமிஷனில் 1,76,280 மிஞ்சும். இரண்டு, வாரநாட்கள். ஒன்றரை அறையை இரண்டாக்கினால் வருஷத்துக்கு 103 இரவு கூடும். நேரடியாக வந்தால் இரவுக்கு 1,100 வீதம் 1,13,300. இரண்டும் சேர்ந்தால் துண்டு அடைபட்டு 30,000 சொச்சம் மிஞ்சுகிறது.

அடிமட்ட விலை

செவ்வாய்க்கிழமை இரவு ஏழு மணிக்கு ஒரு குடும்பம் வந்து "900க்குத் தருவீங்களா?" என்று கேட்டால் என்ன சொல்வது? காலி அறைக்கு நிலைச்செலவு எப்படியும் போகத்தான் போகிறது. 900இல் அறைச் செலவு 300 போனால் 600 மிச்சம். கொடுங்கள். அதே 900ஐ ஆப்பில் போட்டால் கமிஷனும் அதன் வரியும் 212 போய், 300 போய், 388தான் நிற்கும். எனவே ஆப்பில் அடிமட்ட விலை நேரில் சொல்வதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். குறைந்தது கமிஷன் அளவுக்காவது. ஆப்போடு போட்ட ஒப்பந்தத்தில் விலைச் சமநிலை (ஆப்பைவிட நேரில் குறைத்து விற்கக் கூடாது என்பது) பற்றி நிபந்தனை இருந்தால், விலையை ஒன்றாகவே வைத்து, நேரில் வருபவருக்குக் காலை உணவையோ தாமதமான செக்-அவுட்டையோ சேர்த்துக் கொடுங்கள்.

அடிமட்ட விலையில் ஒரு கோடு போட்டு வையுங்கள். 300 செலவுதானே, 500க்கும் கொடுக்கலாமே என்று கணக்கு சொல்லும். கணக்கில் வராத செலவு ஒன்று இருக்கிறது: அந்த விலையைத் தேடி வருவது ஓர் அறைக்கு ஆறு பேராக வரும் கூட்டம். கதவுத் தாழ்ப்பாள், மெத்தை, பக்கத்து அறைக் குடும்பத்தின் தூக்கம் எல்லாம் அதில் போகும். 900க்குக் கீழே இறங்குவதில்லை, மூன்றாவது ஆளுக்கு மெத்தைக் கட்டணம் தனி என்று எழுதி ரிசப்ஷனில் ஒட்டுங்கள். மேனேஜருக்கும் முடிவெடுப்பது எளிதாகும்.

ஜிஎஸ்டியும் ஆப் பிடித்தமும்

ஒரு நாள் வாடகை 7,500 வரையிலான அறைகளுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. ஆனால் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. இதன் பொருளைச் சின்ன முதலாளிகள் பலர் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. புது மெத்தை, கீசர், பெயின்ட், ஆப் கமிஷன் எதற்குக் கட்டும் ஜிஎஸ்டியும் இனி முழுக்க உங்கள் செலவுதான். பழைய ஆண்டுக் கணக்கை வைத்துப் புது ஆண்டுக்குத் திட்டம் போடும்போது அந்தத் தொகையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆப் வழி வரும் பணத்தில் ஜிஎஸ்டி கணக்கில் 0.5 சதவீதமும் வருமான வரிக் கணக்கில் 0.1 சதவீதமும் பிடித்து மிச்சத்தை அனுப்புவார்கள். இரண்டும் உங்கள் பணம். முதலாவது ஜிஎஸ்டி தளத்தில் நீங்கள் ஏற்றுக்கொண்டால்தான் உங்கள் லெட்ஜருக்கு வரும். இரண்டாவதை வருமான வரி ரிட்டனில் கழித்துக்கொள்ளலாம். மேலே சொன்ன கணக்கில் வருஷத்துக்கு 9,000 ரூபாய்க்குச் சற்றே குறைவு. ஆடிட்டரிடம் கேட்காவிட்டால் அப்படியே கிடக்கும்.

வாங்கும் ஜிஎஸ்டி உங்கள் பணம் அல்ல. அதை அன்றைக்கே தனி அக்கவுண்டுக்கு மாற்றுங்கள். மொத்தம் மூன்று அக்கவுண்ட் போதும்: நடப்புக்கு ஒன்று, வரிக்கு ஒன்று, சீசன் இல்லாத மாதங்களுக்கு ஒன்று. ஜூன் 10ஆம் தேதி மூன்றாவதில் குறைந்தது மூன்று மாத நிலைச்செலவு, அதாவது நம் கணக்கில் 6,30,000 இருக்க வேண்டும். ஏப்ரல் 15 முதல் மே 31 வரை 47 நாட்கள். நாளுக்கு 13,500 வீதம் ஒதுக்கினால் வந்துவிடும். மாதக் கடைசியில் மொத்தமாக ஒதுக்கிக்கொள்ளலாம் என்று இருந்தால் மாதக் கடைசியில் இருக்காது. டிசம்பர் விடுமுறைக்காக அக்டோபரில் வாங்கும் அட்வான்ஸையும் விருந்தினர் வந்து தங்கும்வரை வரவாக எழுதாதீர்கள். ரத்தானால் திருப்பித் தர வேண்டிய பணம் அது.

இ-பாஸும் புக்கிங் செய்தியும்

2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி இ-பாஸ் (வண்டிக்கு ஆன்லைனில் எடுக்கும் நுழைவு அனுமதி) வந்தது. 2025இல் ஏப்ரல் முதல் ஜூன் வரை எண்ணிக்கைக்கும் வரம்பு வைத்தார்கள்: கொடைக்கானலுக்கு வாரநாட்களில் 4,000 வண்டி, வார இறுதியில் 6,000; நீலகிரிக்கு 6,000, 8,000. அறை இருக்கிறது, பாஸ் இல்லை என்ற நிலை அப்போதுதான் வந்தது. விருந்தினர் பாதி வழியில் நின்று உங்களுக்குப் போன் செய்து பணத்தைத் திருப்பிக் கேட்பார். யார் பொறுப்பு என்று முன்பே எழுதாதிருந்தால் சண்டைதான்.

புக்கிங் உறுதியானதும் வாட்ஸ்அப்பில் போக வேண்டிய செய்தி இப்படி இருக்கட்டும்:

"உங்கள் அறை மே 9 மதியம் 1 மணி முதல் மே 11 காலை 11 மணி வரை உறுதி. இருவர், ஒரு குழந்தை. வாடகை 6,400 மற்றும் ஜிஎஸ்டி 320, மொத்தம் 6,720. அட்வான்ஸ் 3,360 வந்தது, பாக்கி 3,360 வந்ததும் தர வேண்டும். வண்டிக்கு இ-பாஸ் கட்டாயம்; இன்றே எடுத்து அதன் படத்தை இந்த எண்ணுக்கு அனுப்புங்கள். பாஸ் கிடைக்கவில்லை என்றால் நாளை இரவுக்குள் சொன்னால் அட்வான்ஸ் முழுவதும் திரும்பும். அதன்பின் தேதி மாற்றித் தரப்படும். 5 லிட்டருக்குக் குறைந்த பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் மலையில் அனுமதி இல்லை. வீட்டிலிருந்து எவர்சில்வர் பாட்டில் கொண்டுவாருங்கள், இங்கே நிரப்பிக்கொள்ளலாம். வத்தலக்குண்டிலிருந்து மேலே வர இரண்டரை மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள்."

இதில் "படத்தை அனுப்புங்கள்" என்ற வரிதான் முக்கியம். படம் வராத புக்கிங்குக்கு அடுத்த நாள் மேனேஜர் போன் செய்ய வேண்டும். அறை காலியாகப் போகிறது என்றால் மூன்று நாள் முன்னதாகத் தெரிந்தால் வேறு ஆளுக்குக் கொடுக்கலாம். அன்று மாலை தெரிந்தால் கொடுக்க முடியாது. பாஸ் விதிகள் சீசனுக்குச் சீசன் மாறும். மாவட்ட நிர்வாகம் புது உத்தரவு போட்டதும் செய்தியைத் திருத்துங்கள்.

விருந்தினர் திரும்பிப் போகும்போது அவர் போனில் நம் எண்ணைக் காட்டேஜ் பெயரோடு சேமிக்க வைத்து, அடுத்த முறை நேராக அழைத்தால் காலை உணவு நம் கணக்கு என்று சொல்லி அனுப்புங்கள். நேரடி புக்கிங் பாதியிலிருந்து முக்காலாவது பெரும்பாலும் இந்த ஒரு பழக்கத்தால்தான். வாரநாட்களுக்கு ஆள் வேண்டுமென்றால் மதுரை, திண்டுக்கல், கோவையில் பணி ஓய்வு பெற்றவர்களின் குழுக்கள், லேப்டாப்பில் வேலை செய்பவர்கள், கொடைக்கானலில் படிக்கும் பிள்ளைகளைப் பார்க்க வரும் பெற்றோர்: இந்த மூன்று வகையினரும் வெள்ளி, சனிக்கு அடித்துக்கொள்வதில்லை. லேப்டாப் ஆட்களுக்கு மேசை, நாற்காலி, இரண்டு பிளக், கரண்ட் போனாலும் ஓடும் இன்டர்நெட் வேண்டும். ரூட்டருக்குத் தனியாக ஒரு சின்ன யுபிஎஸ் வைத்தால் போதும்.

வெந்நீர்

மலையில் வரும் புகார்களில் பெரும்பங்கு வெந்நீர் பற்றியது. ஆனால் கீசர் பழுதாக இருப்பது அபூர்வம். கணக்குதான் இடிக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் விடியற்காலைத் தொட்டித் தண்ணீர் 12 டிகிரி பக்கம் இருக்கும். 15 லிட்டர் கீசரில் அதை 60 டிகிரிக்கு ஏற்ற 0.84 யூனிட் வேண்டும். 2 கிலோவாட் காயில் என்றால் 25 நிமிடம். அந்த 15 லிட்டரைப் பச்சைத் தண்ணீரோடு கலந்து 40 டிகிரிக்குக் கொண்டுவந்தால் 25, 26 லிட்டர் கிடைக்கும். ஒரு பக்கெட், அதற்கு மேல் நாலு சொம்பு. ஷவரைத் திறந்துவிட்டால் மூன்று, நான்கு நிமிடத்தில் தீர்ந்துவிடும். அடுத்தவர் 25 நிமிடம் காத்திருக்க வேண்டும். நான்கு பேர் குடும்பத்தில் கடைசி ஆளுக்கு முறை வர ஒன்றேகால் மணி நேரம். அவருக்குத்தான் சில்லென்று விழும். விமர்சனம் எழுதுபவரும் அவரே.

எனவே குடும்ப அறைகளுக்கு 25 லிட்டர் கீசர் போடுங்கள். ஒரே சூட்டில் 43 லிட்டர், அதாவது இருவருக்குத் தேறும். குளியலறையில் பக்கெட்டும் சொம்பும் கட்டாயம் இருக்கட்டும். "ஒருவர் குளித்தபின் 25 நிமிடம் விடவும்" என்று தமிழிலும் ஆங்கிலத்திலும் ஸ்விட்ச் பக்கத்தில் ஒட்டுங்கள். கீசரிலிருந்து குழாய் வரை மூன்று மீட்டருக்கு மேல் இருந்தால் குழாய்க்கு ஃபோம் உறை போடுங்கள். வெளிச்சுவரில் ஓடும் குழாயில் சூடு பாதி வழியிலேயே போய்விடும்.

எட்டு கீசரும் ஒரே நேரத்தில் ஓடினால் 16 கிலோவாட். உங்கள் அனுமதிக்கப்பட்ட மின்சுமை 10 என்றால் எம்சிபி (சுமை மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் ஸ்விட்ச்) விழும், இல்லையென்றால் வோல்டேஜ் இறங்கி எல்லாக் கீசரும் மெதுவாகும். காலை ஐந்தரைக்கு ரூம் பாய் நான்கு அறைக்கும், ஆறு மணிக்கு மற்ற நான்குக்கும் போட்டுவிடும்படி ஸ்விட்சை வராந்தாப் பேனலில் வைப்பது நல்ல ஏற்பாடு. எலக்ட்ரீஷியனை வைத்து எர்த்தும் ஆர்சிசிபியும் (கரண்ட் கசிந்தால் உடனே நிறுத்தும் ஸ்விட்ச்) ஆறு மாதத்துக்கு ஒருமுறை சோதியுங்கள். சோலார் ஹீட்டர் பிப்ரவரி, மார்ச் வெயிலில் நன்றாக உழைக்கும். மூடுபனி இறங்கி நாலு நாள் சூரியன் தெரியாத வாரத்தில் அதை மட்டும் நம்ப முடியாது. கரண்ட் காயில் துணைக்கு இருந்தால் மட்டும் வாங்குங்கள்.

அறைக்குள் கரி வேண்டாம்

குளிர் தாங்கவில்லை என்று விருந்தினர் பார்பிக்யூ அடுப்பையோ கரிச்சட்டியையோ அறைக்குள் இழுத்துக்கொண்டு ஜன்னலைச் சாத்திப் படுப்பது உயிர் போகும் விஷயம். தீ அடங்கி, புகை நின்ற பிறகும் கரியிலிருந்து கார்பன் மோனாக்சைடு வந்துகொண்டே இருக்கும். மணம் இல்லை, நிறம் இல்லை. தூக்கத்திலேயே மயக்கம் வந்து எழ முடியாமல் போகும். கொடைக்கானலில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன. செய்ய வேண்டியவை இவை. பார்பிக்யூ வெளியில் மட்டும். முடிந்ததும் ரூம் பாய் அடுப்பைத் தானே எடுத்துப் போய்த் தண்ணீர் ஊற்றி அணைத்து, சமையலறைக்கு வெளியே வைத்துவிட்டுத்தான் படுக்கப் போக வேண்டும். கேஸ் கீசர் இருந்தால் குளியலறைக்குள் அல்ல, வெளியே காற்றோட்டமான இடத்தில் இருக்கட்டும். ஃபயர்பிளேஸ் உள்ள அறையில் சீசனுக்கு முன் புகைபோக்கியைத் துடைத்து, ஒரு கார்பன் மோனாக்சைடு அலாரம் மாட்டுங்கள். குளிருக்கு இரண்டாவது கம்பளியும் ஆயில் ஹீட்டரும் கொடுங்கள். ஹீட்டருக்கு வாடகை வாங்கலாம், தப்பில்லை. இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். இல்லையென்றால்தான் கரியைத் தேடுவார்கள்.

சமையலறை

எட்டு அறைக்கு முழு ஹோட்டல் மெனு வைப்பது நஷ்டம். காலை உணவு, முன்கூட்டிச் சொன்னால் இரவுச் சாப்பாடு, எப்போதும் டீ, காபி. இவ்வளவு போதும். இரவு எட்டு மணிக்குள் மறுநாள் காலை எத்தனை பேர் என்று ஒவ்வோர் அறையிலும் கேட்டு எழுத வேண்டும். விற்ற தொகையில் 30 முதல் 35 சதவீதத்துக்குள் சரக்குச் செலவு நிற்க வேண்டும். 40ஐத் தாண்டினால் வீணாவதையும் அளவையும் பாருங்கள்.

இரண்டாயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். கீழே இருந்து வரும் சமையல்காரர்களுக்கு இது புரிய ஒரு வாரம் ஆகும்: பருப்பு வேகாது, கொண்டைக்கடலை கல்லாக நிற்கும், திறந்த பாத்திரத்தில் வடித்த சோறு நடுவில் அரிசியாக இருக்கும். பருப்பு, பயறு, கிழங்கு எல்லாம் குக்கரில்தான். குக்கரிலும் மதுரையில் மூன்று விசில் என்றால் இங்கே நான்கோ ஐந்தோ விட வேண்டும்.

மாவு இன்னொரு தலைவலி. பதினாறு பேருக்கு ஆளுக்கு நாலு இட்லி என்றால் 64. ஒன்றே கால் கிலோ இட்லி அரிசிக்கு 300 கிராம் உளுந்து, ஒரு ஸ்பூன் வெந்தயம் போட்டால் வரும். தட்டின் குழி அளவைப் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள். குளிர்காலத்தில் இரவு அரைத்துக் காலையில் எடுத்தால் மாவு பொங்கியிருக்காது. வெதுவெதுப்பான தண்ணீரில் அரைத்து, கையால் கரைத்து, மூடி போட்ட தெர்மாகோல் பெட்டிக்குள் இரண்டு வெந்நீர் பாட்டிலோடு வையுங்கள். மதியம் மூன்றுக்கே அரைத்துவிடுவது அதைவிட நல்லது. பொங்காத மாவு இருக்கிற காலையில் இட்லி ஊற்றாமல் தோசையாகப் போட்டுவிடச் சொல்லுங்கள்.

சிலிண்டர் 19 கிலோ வணிகச் சிலிண்டர்தான் வேண்டும். வீட்டுச் சிலிண்டரைப் பயன்படுத்துவது சட்டப்படி குற்றம். குளிரில் ஒரே சிலிண்டரில் மூன்று பர்னர் ஓடினால் கேஸ் ஆவியாகும் வேகம் பற்றாமல் சிலிண்டர் வியர்த்து, தீ குறையும். உள்ளே கேஸ் இருக்கும்போதே "தீர்ந்துபோச்சு" என்று மாற்றிவிடுவார்கள். இரண்டு சிலிண்டரைச் சேர்த்து இணைத்தால் சுமை பாதியாகிச் சரியாகிவிடும். சிலிண்டரைச் சாய்ப்பது, சூடு காட்டுவது எதுவும் கூடாது.

காய்கறிக்கு ஞாயிறு சந்தை. கேரட், பீன்ஸ், உருளை, பூண்டு மேல்மலையிலிருந்தே வரும். மற்றவை ஒட்டன்சத்திரம், வத்தலக்குண்டு லோடு. ரோடு அடைபடும் மாதங்களில் ஐந்து நாளுக்கு வேண்டிய அரிசி, பருப்பு, எண்ணெய், பால் பவுடர், ஒரு முழுச் சிலிண்டர் கையிருப்பு இருக்கட்டும்.

ஆட்கள்

ஜூனில் ஆட்களை நிறுத்திவிட்டு மார்ச்சில் கூப்பிட்டால் வர மாட்டார்கள். வருபவர் புதியவராக இருப்பார், ஏப்ரல் நடுவில்தான் வேலை பழகுவார். நாலு பேரையும் வைத்துக்கொள்ளுங்கள். வார விடுமுறையைச் செவ்வாய், புதனுக்குப் பிரியுங்கள். ஊருக்குப் போக வேண்டியவருக்கு ஜூலை, ஆகஸ்டில் நீண்ட விடுப்பு கொடுங்கள். பெயின்ட், கதவு, தோட்ட வேலை எல்லாம் இந்த மாதங்களில் அவர்களைக் கொண்டே செய்யலாம். சீசன் போனஸைப் பாதி ஜூன் முதல் வாரத்திலும் பாதி தீபாவளிக்கும் என்று ஏப்ரலிலேயே சொல்லிவிட்டு, சொன்ன தேதியில் கொடுங்கள். சீசனில் பதினாறு மணி நேரம் நின்ற ஆளுக்கு நாம் செய்யும் குறைந்தபட்ச மரியாதை அது. ஆட்கள் பத்தைத் தொட்டால் இஎஸ்ஐ, இருபதைத் தொட்டால் பிஎஃப் என்பதையும் கவனத்தில் வையுங்கள்.

போதைக்காளான் எங்கே கிடைக்கும் என்று விருந்தினர் கேட்பார்கள். தெரியாது என்பதுதான் பதில். ஆள் காட்டிவிடுவது, அறையில் நடப்பது தெரிந்தும் விட்டுவிடுவது இரண்டும் போதைப்பொருள் சட்டத்தில் உங்களையும் உங்கள் ஆளையும் சேர்த்து இழுக்கும். வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

லீஸ் கையெழுத்துக்கு முன்

கட்டட அனுமதி வரைபடம், அதில் தங்கும் விடுதி என்ற பயன்பாடு, வணிக வகைச் சொத்துவரி ரசீது, வணிக மின் இணைப்பு: இந்த நான்கையும் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். வீட்டுக்கு வாங்கிய அனுமதியில் காட்டேஜ் நடந்தால் சீல் விழும். லீஸ்காரருக்கு ஏப்ரலில் சீல் விழுந்தால் அந்த வருஷம் முடிந்தது. சீல் வைத்த நாட்களுக்கு லீஸ் தொகை கழியும் என்று ஒப்பந்தத்தில் எழுதி, பத்திரத்தைப் பதிவு செய்யுங்கள். உணவு கொடுத்தால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு ஆணையம்) பதிவு வேண்டும். வெளிநாட்டவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் ஆன்லைனில் தகவல் ஏற்ற வேண்டும். பாஸ்போர்ட், விசா இரண்டையும் செக்-இன் நேரத்திலேயே ஸ்கேன் செய்துகொள்ளுங்கள்.

தண்ணீரையும் அப்போதே கேளுங்கள். ஆளுக்கு 120 லிட்டர் என்று இருபது பேருக்கு நாளைக்கு 2,400 லிட்டர். இரண்டு நாளுக்குத் தொட்டி 5,000 லிட்டர் இல்லையென்றால் மே மாதம் லாரித் தண்ணீருக்குக் காத்துக் கிடக்க வேண்டியிருக்கும்.

மழை மாதத் துணி

அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை துணி காயாது. கட்டிலுக்கு மூன்று செட் விரிப்பு வருஷம் முழுக்கத் தேவை: ஒன்று கட்டிலில், ஒன்று சலவையில், ஒன்று அலமாரியில். மழை மாதங்களில் நான்காவது வேண்டும். தொட்டால் காய்ந்ததுபோல் இருந்து, மடித்து வைத்த மறுநாள் பூஞ்சை வாடை வந்தால் மடிக்கும்போது ஈரம் இருந்திருக்கிறது என்று பொருள். குளிரில் கைக்கு ஈரமும் சில்லிப்பும் ஒன்றாகத் தெரிவதால் ஆட்கள் ஏமாந்துபோவார்கள். ஒரு காலி அறையில் கயிறு கட்டி, ஜன்னலைச் சாத்தி, டீஹியூமிடிஃபையரும் (காற்றின் ஈரத்தை இழுக்கும் மெஷின்) ஒரு ஃபேனும் ஓடவிட்டு, தைத்த ஓரம் காய்ந்திருக்கிறதா என்று கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு மடியுங்கள். அலமாரியைச் சுவரிலிருந்து நாலு விரல் தள்ளி வைத்து, வாரத்துக்கு ஒருநாள் கதவைத் திறந்து போடுங்கள். வாடை பிடித்த விரிப்பை வெந்நீரில் சோடா மாவு போட்டு ஒரு மணி நேரம் ஊறவைத்துத் துவைத்தால் பெரும்பாலும் போய்விடும். கரும்புள்ளி விழுந்துவிட்டால் போகாது. அதைக் கிழித்துத் தரை துடைக்க எடுத்துக்கொள்ளுங்கள், விருந்தினர் கட்டிலில் மட்டும் விரிக்காதீர்கள்.